மாநகராட்சி அறிவிப்பைப் படித்தல்

நுழையும்முன்

பிற மாநில நகரங்களில் வாழும் நம் வீடுகளுக்குள் தமிழ் ஒலிக்கிறது. வெளியே சுவரில் ஒட்டப்படும் அறிவிப்போ அந்த மாநில மொழியில் இருக்கிறது. இரு மொழியும் படிக்கத் தெரிந்தவர் பல வீடுகளில் ஒருவரே. அவர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை. அப்பிள்ளை ஓர் அறிவிப்பை எவ்வாறு படித்து, வீட்டாருக்குத் தமிழில் எடுத்துரைப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம். மும்பை மாநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

யார் அறிவிக்கிறார்கள்?

குழாயில் வரும் நீர், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை நாம் அன்றாடம் சார்ந்திருக்கும் பணிகள். இவற்றைப் பெரும்பாலும் நகரின் உள்ளாட்சி அமைப்பே செய்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்க்கப்பட்ட 12-ஆம் அட்டவணை, நகர அமைப்புகளிடம் மாநில அரசுகள் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் குறிப்பிடுகிறது. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வட்டக்குழுக்கள் அமைய வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறுகிறது.

மும்பை மாநகராட்சி இதற்கும் மிக முந்தியது. அதனை ஆளும் சட்டம் 1888-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் 227 பேர் அதன் மாமன்றத்தில் இடம்பெறுகின்றனர். மராத்தியில் மாமன்ற உறுப்பினரை 'நகர்சேவக்' என்பர். நிர்வாக வசதிக்காக நகர் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டுள்ளது. தமிழர் மிகுதியாக வாழும் தாராவி 'ஜி வடக்கு'ப் பிரிவிலும், மாட்டுங்கா, சயான் பகுதிகள் 'எஃப் வடக்கு'ப் பிரிவிலும் உள்ளன. நம் பிரிவின் பெயர் தெரியாவிட்டால், நீண்ட அறிவிப்பில் நமக்குரிய வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். எனவே முதலில் அதனைக் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அறிவிப்பு

மும்பைவாசிகள் மிகவும் கூர்ந்து நோக்கும் அறிவிப்பு தண்ணீரைப் பற்றியதே. மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, மோடக் சாகர், தான்சா, பாத்சா, விகார், துளசி ஆகிய ஏழு ஏரிகளிலிருந்து மாநகருக்கு நீர் வருகிறது. இவற்றுள் விகாரும் துளசியும் நகர எல்லைக்குள் இருக்கின்றன. மற்றவை தொலைவில் உள்ளவை. ஏழும் நிரம்பினால் 14,47,363 மில்லியன் லிட்டர் நீர் இருக்கும். நாள்தோறும் நகருக்கு வழங்கப்படுவது ஏறத்தாழ 3,850 மில்லியன் லிட்டர். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 376 என விடை வரும். அதாவது, நிரம்பிய ஏரிகள் ஓராண்டுக்குச் சற்றே அதிகமாகத் தாங்கும். மழை சில வாரங்கள் பிந்தினாலே கணக்கு இடறிவிடும். ஏரிகளின் நீர்மட்டம் மழைக்காலத்தில் நாள்தோறும் செய்தியாக வெளியிடப்படுவதன் காரணம் இதுவே.

நீர் குறைந்த ஆண்டுகளில் மாநகராட்சி 'பாணி கபாத்' அறிவிக்கும். 'பாணி' என்றால் தண்ணீர். 'கபாத்' என்றால் குறைப்பு. பத்து விழுக்காடு குறைப்பு என்று படித்தவுடன், ஒவ்வொரு வீட்டிலும் பத்துக் குடத்தில் ஒரு குடம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. மும்பையில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம் உண்டு. குறைப்பின்போது அந்த நேரம் சுருங்கும், அழுத்தமும் தளரும். குழாயின் தொடக்கத்தில் இருப்பவர் வேறுபாட்டை உணராமலே இருக்கலாம். மேட்டுப் பகுதியில் இருப்பவருக்கும், குழாயின் கடைசியில் இருப்பவருக்கும் சொட்டு நீரும் வாராமற்போகலாம். அறிவிப்பில் எண் ஒன்றுதான். அதன் சுமை எல்லாருக்கும் ஒன்றன்று.

மாதிரி அறிவிப்பு (பயிற்சிக்காக எழுதப்பட்டது)

பொது அறிவிப்பு

பழைய பெருங்குழாயை மாற்றும் பணியின் காரணமாக, வரும் 12-ஆம் நாள் வியாழக்கிழமை காலை 10 மணி முதல் 13-ஆம் நாள் வெள்ளிக்கிழமை காலை 10 மணி வரை, 24 மணி நேரம், சந்தைச் சாலையின் கிழக்குப் பக்கம், கோயில் தெரு ஆகிய பகுதிகளில் குடிநீர் வழங்கல் முற்றிலும் நிறுத்தப்படும். கோயில் தெருவின் வழக்கமான வழங்கல் நேரம்: காலை 5 மணி முதல் 8 மணி வரை. பொதுமக்கள் முன்னதாகவே நீரைச் சேமித்துச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பணி முடிந்தபின் சில நாள்களுக்கு நீரைக் காய்ச்சி வடிகட்டி அருந்த வேண்டும்.

கோயில் தெருவில் வாழும் ஒரு பேத்தியும் ஆச்சியும் இதனைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர்.

பேத்தி: ஆச்சி, வியாழக்கிழமை காலையில் வீட்டிலுள்ள எல்லாக் குடத்திலும் தண்ணீர் பிடித்துவிட வேண்டும்.

ஆச்சி: ஒருநாள்தானே நிற்கும் தாயீ? எதிர்வீட்டில் இருபத்துநாலு மணி நேரம் என்றுதான் சொன்னார்கள்.

பேத்தி: அறிவிப்பில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம் தெருவுக்குத் தண்ணீர் காலை ஐந்து முதல் எட்டு வரைதானே வரும்? வியாழன் காலை எட்டு மணிக்கு நிற்கும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திறப்பார்கள்; அப்போது நம் நேரம் போய்விட்டிருக்கும். மறுபடி சனிக்கிழமை விடியற்காலையில்தான் வரும்.

ஆச்சி: அப்படியானால் இரண்டு நாள் தண்ணீர் வேண்டுமே!

பேத்தி: ஆமாம் ஆச்சி. நாற்பத்தைந்து மணி நேரம்.

ஆச்சி: கீழ்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொல்லிவிட்டு வா. அவருக்கு மராத்தியும் படிக்க வராது, தமிழும் படிக்க வராது.

அறிவிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை. எதிர்வீட்டாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் 24 மணி நேரம் என்பதை மட்டும் நம்பியிருந்தால் அந்த வீடு வெள்ளிக்கிழமை மாலையில் வறண்டிருக்கும். அறிவிப்பில் உள்ளதை அப்படியே மொழிபெயர்ப்பது பாதி வேலையே. அது நம் தெருவுக்கு, நம் வீட்டுக்கு என்ன சொல்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது மறுபாதி.

மழைக்கால அறிவிப்புகளையும் இவ்வாறே படிக்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகர் நீரில் மூழ்கியது. மழைக்கு முன்னரே வாய்க்கால்களைத் தூர்வாருவது பற்றியும், கடல் அலை நான்கரை மீட்டருக்கு மேல் உயரும் நாள்கள் பற்றியும் மாநகராட்சி அறிவிக்கிறது. கடல் பொங்கும் நேரத்தில் பெருமழையும் பெய்தால், வாய்க்கால் நீர் கடலில் வடிய வழியிராது. ஆகவே அலை உயரும் நாளை மட்டுமன்றி நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சியின் உதவி எண் 1916.

பதில் கேட்கும் அறிவிப்பு

இதுவரை கண்டவை செய்தி சொல்லும் அறிவிப்புகள். வேறொரு வகையும் உண்டு. அது நம்மிடம் பதில் கேட்கும். பார்ப்பதற்கு அலுப்பூட்டும் தோற்றமும் பொடி எழுத்தும் கொண்டிருப்பதால், பெரும்பாலோர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். மராத்தியில் அதன் அடியில் 'ஹரகதி வ சூச்னா' என்றிருக்கும். 'ஹரகத்' என்றால் ஆட்சேபணை. 'சூச்னா' என்பது இங்கே ஆலோசனை என்று பொருள்படும். அதே சொல் 'ஜாஹீர் சூச்னா' என்னும் தொடரில் அறிவிப்பு என்று பொருள்படும். தமிழில் நாம் வழங்கும் 'சூசகம்' இச்சொல்லின் உறவுதான்.

இவ்வகை அறிவிப்பின் வலிமைக்கு மும்பையிலேயே சான்று உண்டு. 2014 முதல் 2034 வரை நகர் எவ்வாறு வளர வேண்டும் என்பதற்கான வரைவு வளர்ச்சித் திட்டம் 2015 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. எந்த நிலம் பள்ளிக்கு, எது பூங்காவுக்கு, எங்கே சாலை என்பதையெல்லாம் வரைபடத்தில் குறிப்பது அத்திட்டம். கருத்துக் கூற 60 நாள் தரப்பட்டது. மக்கள் தம் தெருவின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தனர். இருக்கும் கட்டடங்களின்மீது சாலைகள் வரையப்பட்டிருந்தன. பழம்பெருமை வாய்ந்த கட்டடங்களும் வழிபாட்டிடங்களும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆட்சேபணைகள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. கெடு முடியும் முன்பே, ஏப்ரல் மாதத்தில், அவ்வரைவைக் கைவிட்டுத் திருத்தி எழுதுமாறு மாநில அரசு ஆணையிட்டது. திருத்திய வரைவு 2016-இல் வெளிவந்தது. அதன்மீதும் மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. 2018-இல் திட்டம் அரசின் ஒப்புதலைப் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆட்சேபணை எழுதியவர்கள் எல்லாரும் பொறியாளர்கள் அல்லர். தம் தெருவில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள், அவ்வளவே. வரைபடம் தீட்டியவருக்குத் தெரியாத அச்செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் 61-ஆம் நாளில் எழுதியிருந்தால் அதனை ஏற்க வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லை. ஆதலால் இத்தகைய அறிவிப்பைக் கண்டால், தலைப்பைப் படிக்கும் முன் கடைசி நாளைப் படித்துவிடுவது நல்லது.

மொழிப்பகுதி

'நிறுத்தப்படும்', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'வரவேற்கப்படுகின்றன' என்பவை செயப்பாட்டு வினைகள். அலுவலக மொழி இவ்வினையை மிகவும் விரும்பும். அதில் செய்பவர் மறைந்துவிடுவார். 'நீர் நிறுத்தப்படும்' என்றால் நிறுத்துபவர் யார்? அறிவிப்பின் அடியில் கையொப்பமிட்ட அலுவலரின் பதவிப் பெயரைப் பார்த்தால் தெரியும். வீட்டில் எடுத்துச் சொல்லும்போது செய்வினையாக மாற்றிச் சொன்னால் முதியோர்க்கு எளிதில் விளங்கும்: 'வியாழக்கிழமை மாநகராட்சியார் தண்ணீரை நிறுத்துகிறார்கள்.'

சொற்பொருள்

மாமன்றம் – மாநகராட்சி உறுப்பினர்களின் அவை
வரைவு – இறுதி செய்யப்படாத முதல் வடிவம்
கெடு – குறித்த கடைசி நாள்
தூர்வாருதல் – படிந்த மண்ணையும் கழிவையும் அகற்றுதல்
ஆட்சேபணை – மறுப்புரை

பயிற்சி

1. மாதிரி அறிவிப்பின்படி, சந்தைச் சாலையின் கிழக்குப் பக்கத்தில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை நீர் வழங்கப்படுமானால், அங்கு வாழ்வோர்க்கு எத்தனை மணி நேரம் நீர் இராது? கோயில் தெருவோடு ஒப்பிடுக.

2. 'நீர் வழங்கல் பத்து விழுக்காடு குறைக்கப்படும்.' இத்தொடரைச் செய்வினையாக மாற்றுக. மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு இதன் பொருளை மூன்று தொடர்களில் விளக்குக.

3. உங்கள் குடியிருப்பில் ஒட்டப்பட்டுள்ள உள்ளாட்சி அறிவிப்பு ஒன்றைப் படித்து, அறிவித்தவர், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பதில் தரக் கடைசி நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதுக. அவற்றுள் எது அறிவிப்பில் இல்லை?

4. உங்கள் தெருவில் விளையாட்டுத் திடல் இருக்கும் இடம், ஒரு வரைவுத் திட்டத்தில் வெற்றுநிலம் என்று குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஆட்சேபணைக் கடிதம் ஒன்று எழுதுக. கடிதத்தில் நாளிட மறவாதீர்.