ஒரு நாளில் கடலூர்

கல்விச் சுற்றுலா என்றவுடன் உதகையும் மைசூரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. பணம் சேர்ப்பதற்குள் தேர்வு வந்துவிடும்; சுற்றுலாவும் நின்றுவிடும். ஆனால் காலாப்பட்டிலிருந்து காலையில் புறப்பட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பக்கூடிய தொலைவில், ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடமாகவே வைத்திருந்த ஊர் ஒன்று இருக்கிறது. அதுவே கடலூர். பிரெஞ்சு வீதிகளை நாள்தோறும் பார்க்கும் நாம், பக்கத்து ஊரில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சுவடுகளைப் பாராதிருப்பது பாதிக் கதை கேட்டதற்கு ஒப்பாகும்.

புறப்படுமுன் வரலாறு சிறிது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அங்கே கண்ணுக்குப் புலப்படுவது சொற்பம். 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயராயிற்று. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியதே. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை அளந்த விதம்தான் வேடிக்கை. பீரங்கியால் சுட்டார்கள், குண்டு விழுந்த தொலைவு வரை கம்பெனிக்குச் சொந்தம்! அவ்வாறு சேர்ந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்றே வழங்கப்பட்டன. நம் கணிதத் துறைப் பேராசிரியர்கள் இந்த நில அளவை முறையை ஏற்பார்களா என்பது வேறு விஷயம்.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் இக்கோட்டைக்கு மாறி, 1752 வரை இங்கேயே இருந்தது. டூப்ளே முயன்றும் இதைப் பிடிக்க இயலவில்லை. 1756இல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னராக அமர்ந்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார். 1761இல் புதுவை வீழ்ந்ததும் ஆங்கிலேயர் இவ்வூரை இடித்துப் பழி தீர்த்தனர். நாம் பெருமையோடு காட்டும் புதுவை வீதிகள் அந்த இடிபாட்டின் மேல் மீண்டும் எழுந்தவை. கடலூர்க் கோட்டையோ இன்று சிதைந்தே கிடக்கிறது.

இனிப் பயணத் திட்டம். காலை ஏழு மணிக்குள் காலாப்பட்டில் பேருந்து ஏறிப் புதுவையில் மாறிக்கொள்ள வேண்டும். வழியில் அரியாங்குப்பம் வரும்போது அரிக்கமேடு நம்மை அழைக்கும், இறங்கலாகாது. அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும். முள்ளோடை தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லை, அடுத்துப் பெண்ணையாறு. ஏறத்தாழப் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் இவ்வழியே வெளியேறியபோதுதான் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பேருந்தில் ஒரு நொடியில் கடந்துவிடும் அந்த எல்லை அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

முதலில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைப் பிற்பகலுக்குத் தள்ளக் கூடாது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய தலம் இது என்பது மரபு. கம்பெனியாருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே இவ்வூருக்குப் பெயர் இருந்தது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. பிறகு கெடிலத்தைக் கடந்து மஞ்சக்குப்பம். அங்குள்ள பழைய 'கார்டன் ஹவுஸ்' மாளிகையை வெளியிலிருந்து பார்த்தாலும் போதும். பகல் உணவைக் கட்டுச்சாதமாகக் கொண்டுபோவது நலம். உணவு விடுதியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

வெயில் தாழ்ந்தபின் தேவனாம்பட்டினம். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே கோட்டையின் சிதைந்த சுவர்கள் சில உள்ளன. கோட்டை என்று எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே. ஆகவே வரலாற்று மாணவர் ஒருவர் அங்கேயே நின்று கால் மணி நேரம் பேசும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. 2004 ஆழிப்பேரலை இக்குப்பத்தைக் கடுமையாகத் தாக்கியது. பார்க்க வந்தவர்கள் மீனவர் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காமல் நடந்துகொள்ள வேண்டும்.

பழைய நகரையும் துறைமுகத்தையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பர். ஒரு நாளில் அதுவும் சேர்ந்தால் எதையும் பார்த்ததாக இராது, விட்டுவிடலாம். கடற்கரையில் இருட்டும் வரை அமர்ந்திருந்து, ஏழு மணிக்குள் பேருந்து ஏறினால் ஒன்பது மணி அளவில் காலாப்பட்டில் இறங்கலாம்.