சூட்டில் பிறக்கும் ஒலி: டியூப் கிட்டார் ஆம்பை மதிப்பிடுதல்

டியூப் கிட்டார் ஆம்பில் ஒலியின் அழகும் பாகங்களின் தேய்மானமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பவர் டியூபுகளை அவற்றின் எல்லைக்கு அருகிலோ, அதைத் தாண்டியோ ஓட்டும்போதுதான் கலைஞர்கள் தேடும் செழுமையான ஓவர்டிரைவ் கிடைக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவெர்ப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1963இல் வெளிவந்த இந்த 22 வாட் ஆம்பில் இரண்டு 6வி6 பவர் டியூபுகள் உள்ளன. பிளேட்டுக்கு 350 வோல்ட் போதும் என்று டியூப் தயாரிப்பாளரின் அட்டவணை வரம்பு போட்டிருக்க, ஃபெண்டர் கொடுத்ததோ 400 வோல்ட்டுக்கும் மேல். இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30யும் அப்படித்தான்; அதன் நான்கு இஎல்84 டியூபுகள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு ஆம்பின் ஒலியையும் உறுதியையும் தனித்தனியாக எடைபோடுவது சரிவராது. இந்த ஒலிக்கு எந்தப் பாகம் என்ன விலை கொடுக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒலியைக் கணிப்பதில் முதல் தடை சத்தத்தின் அளவு. இரண்டு ஆம்புகளை அடுத்தடுத்து வாசித்தால், எது சற்றே உரக்க ஒலிக்கிறதோ அதுவே மேல் என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். சத்தம் குறையும்போது கீழ் ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் காதுக்கு மங்கிப்போவதை 1933இலேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். ஆகவே ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். கைபேசியிலுள்ள சத்தமானிச் செயலியே இதற்குப் போதும். இரவில் வீட்டில் வாசிக்கும் சத்தத்தில் மட்டும் கேட்டுவிட்டு மேடைக்கு ஆம்ப் வாங்குவதும், கடையில் அதிரவைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வாங்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

சோதனைக்குச் சொந்தக் கிட்டாரும் சொந்தக் கேபிளும் வேண்டும். பெடல் எதுவும் இடையில் இருக்கக் கூடாது. சுவிட்ச் போட்ட உடனே கேட்பது ஆம்பின் உண்மையான குரல் ஆகாது. கால் மணி நேரமாவது சூடேற விட வேண்டும். டீலக்ஸ் ரிவெர்ப்பில் மிட் குமிழ் கிடையாது. அந்த இடத்தில் மாற்ற முடியாத ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. டிரெபிள், பாஸ் இரண்டையும் நடுவில் வைத்தால் ‘சமநிலை’ வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த டோன் சுற்றின் இயல்பே நடு அலைவரிசையைக் குழிவாக்குவதுதான். ஒரு குமிழைத் திருகினால் மற்றதன் வேலையும் மாறும். எண்களைப் பார்க்காமல், இரண்டையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை திருகிக் கேட்பதே வழி. பயன்படும் ஒலிகள் எத்தனை கிடைக்கின்றன என்பது அப்போது தெரியும்.

இனி விரலுக்கும் ஆம்புக்கும் உள்ள உறவு. வால்யூமை மெல்ல ஏற்றி, மென்மையாகத் தட்டினால் தெளிவாகவும் அழுத்தித் தட்டினால் நொறுங்கியும் ஒலிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல டியூப் ஆம்பின் உயிர் அந்தப் புள்ளியில் இருக்கிறது. அங்கே கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதியாகக் குறைத்தால் ஒலி சுத்தமாகிவிட வேண்டும்; மந்தமாகிப் போர்வைக்குள் புதைந்துவிடக் கூடாது. அடுத்து ஒரே ஒரு ஸ்வரத்தை ஓங்கி மீட்டி, அது முற்றிலும் அடங்கும்வரை கேட்பது. ஓவர்டிரைவில் தொடங்கிய ஸ்வரம் படிப்படியாகத் தெளிந்து மறைய வேண்டும். வால்பகுதியில் ‘சரசர’ என்று மணலை உரசும் ஒலி கேட்டால், பவர் டியூபுகளுக்கு மின்னோட்டம் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம், ஸ்பீக்கரின் சுருள் உரசலாம், பிரீஆம்ப் டியூப் சாகும் தறுவாயில் இருக்கலாம். ஸ்வரத்தின் தலையைவிட வால்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். கடைகளில் வேக வேகமாக வாசித்துக் காட்டும் சோதனையில் இந்த வால் கேட்கவே கேட்காது.

பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே, ஆம்ப் நன்றாக உறுமும் நிலையில், ஒற்றை ஸ்வரங்களை நீட்டி வாசிப்பது இன்னொரு சோதனை. அந்த ஸ்வரத்தோடு சேராமல், சுருதி விலகிய ஒரு நிழல் ஒலி அடியில் முனகினால் கவனம் தேவை. மின்வழங்கியிலுள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வலுவிழந்து, அவை வடிகட்டத் தவறிய 100 ஹெர்ட்ஸ் அலை ஸ்வரத்தோடு கலப்பதன் அடையாளம் அது. ஒலியைக் கேட்கப் போனவருக்கு உறுதியைப் பற்றிய முதல் செய்தியும் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஓங்கி மீட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்வதை ‘சேக்’ என்பார்கள். ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபயர் டியூப் உள்ள ஆம்புகளில் இது விரலுக்கே தெரியும். சிலிக்கான் டயோடு வைத்தவை விறைப்பாகப் பதில் சொல்லும். ப்ளூஸ் வாசிப்பவருக்கு முதலாவதும், இறுக்கமான ரிதம் வாசிப்பவருக்கு இரண்டாவதும் பிடிக்கும். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

ஒலியில் பெரும்பங்கு ஸ்பீக்கருடையது. இதைப் பலமுறை சொன்னாலும் தகும், ஏனென்றால் டியூப் மாற்றிப் பார்ப்பதில் கொட்டும் பணத்தில் பாதியை ஸ்பீக்கருக்குச் செலவிட்டிருந்தால் கிடைத்திருக்கும் மாற்றம் மிகப் பெரிது. 25 வாட் செலஸ்டியன் கிரீன்பேக்கும் 15 வாட் செலஸ்டியன் ஆல்நிகோ ப்ளூவும் ஒரே ஆம்பை இரு வேறு ஆம்புகளாக்கிவிடும். ஒலி பிடிக்கவில்லை என்றால், முடிவெடுக்கும் முன் வேறொரு கேபினெட்டில் இணைத்துக் கேட்க வேண்டும். ஓம் அளவு பொருந்துவது முக்கியம். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை வாசிக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரும் மின்னழுத்தமாக எழும்பி, அதன் காப்புறையைத் துளைத்துவிடும். நிற்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தரையில் வைத்த ஆம்பின் கூர்மையான ஒலிகள் நேராக முழங்காலை நோக்கிப் போகின்றன. நின்றபடி வாசிப்பவர் டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். குனிந்து ஸ்பீக்கரின் நேர்முகத்தில் ஒருமுறையாவது கேட்டாக வேண்டும்.

உறுதியைச் சோதிக்கக் கிட்டாரைக் கழற்றிவிட்டு, எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வைத்து, அமைதியான அறையில் கேட்பதிலிருந்து தொடங்கலாம். அப்போதும் உறுமல் கேட்டால் அது பவர் பகுதியிலிருந்து வருகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு பெரும்பாலும் ஃபில்டர் கெபாசிட்டர்களையோ, பொருந்தாத பவர் டியூப் ஜோடியையோ காட்டும். மிருதுவான 50 ஹெர்ட்ஸ் உறுமல் டியூபின் இழைச் சுற்றையோ எர்த் இணைப்பையோ காட்டும். பிறகு ஒவ்வொரு குமிழாகத் திருக வேண்டும். கரகர என்றால் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போய்விடும். தெளித்த பின்னும் திருகும்போதெல்லாம் கரகரத்தால், ஒரு கப்ளிங் கெபாசிட்டர் டிசி மின்னழுத்தத்தைக் கசியவிடக்கூடும். அதே கசிவு பவர் டியூபின் கிரிட்டுக்கு முன்னால் நடந்தால் டியூப் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

அதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். அறை விளக்கை அணைத்து, ஆம்பின் பின்புறம் உட்கார்ந்து பார்த்தால், நடுவில் இழையின் ஆரஞ்சு ஒளி தெரியும், அது இயல்பு. கண்ணாடியின் உட்சுவரை ஒட்டி நீல ஒளி மினுக்கி, வாசிப்புக்கேற்ப அசைந்தால் அதுவும் கேடில்லை. சாம்பல் நிறப் பிளேட் உலோகத்தின் நடுவில் மங்கிய சிவப்புத் திட்டு தோன்றிப் பரவத் தொடங்கினால் உடனே அணைத்துவிட வேண்டும். சில நிமிடங்கள் விட்டால் டியூப் போகும். அதோடு ஸ்கிரீன் ரெசிஸ்டரோ டிரான்ஸ்ஃபார்மரோ சேர்ந்து போகலாம். டியூபின் தலைப்பகுதியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த டியூப் முடிந்த கதை.

வால்யூமைப் பாதிக்கு வைத்து, ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் பிரீஆம்ப் டியூபுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவது பழைய வழக்கம், இன்றும் இதைவிட எளிய சோதனை இல்லை. முதல் நிலை டியூப் மெல்லிய ‘டக்’ எழுப்புவது சகஜம். மணிபோல் கணகணத்து நீண்டால் அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. ஸ்பீக்கரும் டியூபும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ ஆம்புகளில் இந்தக் குறை வேகமாக வளரும், ஸ்பீக்கரின் அதிர்வை டியூபுகள் நாளெல்லாம் தாங்குவதால். ஃபெண்டர் காம்போக்களில் டியூபுகள் தலைகீழாகத் தொங்குகின்றன. அவற்றின் சூடு நேராக மேலே சேஸிஸுக்குள் ஏறுகிறது. சாக்கெட்டுகளை பிசிபி எனும் அச்சிட்ட சுற்றுப் பலகையிலேயே பற்றவைத்த ஆம்புகளில் இந்தச் சூடும் அதிர்வும் சால்டர் இணைப்புகளை விரிசலடையச் செய்யும். சாக்கெட்டில் டியூபை லேசாக அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் சந்தேகம் அங்கேதான். கையால் ஒயரிங் செய்தது எல்லாம் சிறந்தது, பிசிபி எல்லாம் மட்டம் என்று பேசுவது சரியல்ல. தடிமனான பலகையும் சேஸிஸில் திருகிய சாக்கெட்டும் உள்ள பிசிபி ஆம்ப் பல்லாண்டு உழைக்கும். பழுது பார்ப்பவருக்குக் கை எட்டுமா என்பதே உண்மையான வேறுபாடு.

சேஸிஸைத் திறப்பது தேர்ந்த டெக்னீஷியனின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைக் குடிக்கும். அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: கெபாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா, ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள் கருகியுள்ளனவா, சாக்கெட்டில் கரித்தடம் இருக்கிறதா, பயாஸ், அதாவது டியூபின் ஓய்வுநிலை மின்னோட்டம், எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 14 வாட் தாங்கும் 6வி6 டியூபை அதில் 70 விழுக்காடான 9.8 வாட்டுக்குள் ஓய்வுநிலையில் வைப்பது வழக்கம். பிளேட்டில் 415 வோல்ட் என்றால் ஒரு டியூபுக்குச் சுமார் 23 மில்லிஆம்பியர். அதற்கு மிக மேலே ஓடும் ஆம்ப் இனிமையாகவே ஒலிக்கலாம். டியூபின் ஆயுள்தான் குறையும்.

அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்புகளுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது மின்னழுத்தத்தை இறக்கும், அலைவரிசையை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடிய பின் அதன்மேல் கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த ஆம்பை இங்கே நம்பி ஓட்ட முடியாது. வீட்டு மின்சாரம் 5 விழுக்காடு ஏறினால் 415 வோல்ட் ஏறத்தாழ 436 ஆகிவிடும். ஏற்கெனவே வரம்பு மீறிய டியூபுக்கு அது பெரிய சுமை. ஸ்டெபிலைசர் இங்கே ஆடம்பரம் ஆகாது. இரண்டு முனைப் பிளக்கோடு வரும் பழைய ஆம்பை, எர்த் உள்ள மூன்று முனைக்கு மாற்றாமல் தொடவே கூடாது. மின்கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையே அதில் உள்ள கெபாசிட்டர் பழுதானால் முழு மின்னழுத்தமும் கிட்டார் தந்திக்கு வந்துவிடும்.

விலை பேசும்போது மூல டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதற்கு மதிப்புக் கொடுக்கலாம். அறுபதுகளின் ஃபெண்டரில் 606 என்று தொடங்கும் எண் ஷூமேக்கர் நிறுவனத்தைக் குறிக்கும்; தொடரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். ஃபில்டர் கெபாசிட்டர்கள் புதிதாக மாற்றப்பட்டிருப்பதைக் குறையாகக் கருதி விலையைக் குறைக்கச் சொல்வோர் உண்டு. அது தலைகீழான கணக்கு. அந்த மின்பகுளிக் கெபாசிட்டர்கள் இருபதாண்டுக்கு மேல் உழைப்பது அரிது. அறுபது ஆண்டுப் பழமையான மூலக் கெபாசிட்டர்களோடு வரும் ஆம்பில்தான் மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும்.