மிதிவண்டிப் போட்டியும் சோர்வு தாங்கும் திறனும்

மாந்தன் படைத்த ஊர்திகளுள் ஓட்டுபவனின் உடலையே பொறியாகக் கொண்டது மிதிவண்டி. பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி சென்ற மாணவர் பலர் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களுள் சிலர் போட்டிகளிலும் கலந்துகொள்கின்றனர். முதல் பத்துக் கிலோமீட்டரில் எல்லோரையும் முந்திச் சென்றவர் கடைசிப் பத்தில் பின்தங்கிவிடுவதைப் பார்க்கிறோம். "பயிற்சி போதவில்லை" என்று ஒரு சொல்லில் அதை முடித்துவிடுகிறோம். அந்தத் தளர்ச்சிக்குள் உடலியல் நுட்பங்கள் பல அடங்கியுள்ளன. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

சோர்வை வென்ற மிதிவண்டிக்காரரைத் தமிழ்நாடு முன்பே அறியும். ஊர்ப் பொட்டலில் வட்டமிட்டு, வண்டியை விட்டு இறங்காமல் இரவும் பகலுமாகப் பல நாள் ஓட்டியவரை இம்மலரைப் படிக்கும் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். வண்டியிலேயே குளிப்பார், வண்டியிலேயே உண்பார். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கும். ஊரார் அவர் சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிடுவர். இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுவது முறையன்று. அவர் நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் ஓட்டினார். அவ்வேகத்தில் காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. தசைகளுக்குத் தேவையான உயிர்வளியைக் குருதி தட்டின்றிக் கொண்டுசேர்க்கும். உடல் பெரும்பாலும் கொழுப்பையே எரிக்கும். மெலிந்த உடலிலும் கிலோக்கணக்கில் கொழுப்பு இருப்பதால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. அவரைச் சோதித்தவை உறக்கமும், இருக்கைப் புண்ணும், மணிக்கட்டு வலியுமே.

இதே கலை பெரிய அளவில் அமைந்ததுதான் அமெரிக்காவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' போட்டி. ஏறத்தாழ 4,800 கிலோமீட்டரைப் பன்னிரண்டு நாளுக்குள் கடத்தல் வேண்டும். 2017-இல் இராணுவ மருத்துவர் சீனிவாஸ் கோகுல்நாத்தும், நாகபுரி மருத்துவர் அமித் சமர்த்தும் தனியாக ஓட்டி அதனை முடித்த முதல் இந்தியர்களாயினர். இருவரும் மருத்துவராக அமைந்தது வியப்பன்று என்றே தோன்றுகிறது.

ஆனால் மூன்று, நான்கு மணி நேரச் சாலைப் போட்டியின் கணக்கு வேறு. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆனி, ஆடித் திங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை எதிர்த்துத் தென்காசியிலிருந்து மேற்கே ஓட்டியவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இவ்வளவு ஆற்றலைக் கொழுப்பு விரைந்து தர இயலாது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளே கைகொடுக்கவேண்டும். அதன் சேமிப்போ தசையில் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவே. மொத்தம் ஏறத்தாழ 2,000 கலோரி. கடுமையாக ஓட்டும் தேர்ந்த வீரர் ஒரு மணி நேரத்தில் 1,000 கலோரி வரை செலவிடுகிறார். கொழுப்பு ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டாலும் மூன்று மணி நேர அளவில் களஞ்சியம் காலியாகிறது.

1986-இல் எட்வர்டு காயில் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டிற்று. மாவுச்சத்தற்ற நீரை மட்டும் பருகிய வீரர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தளர்ந்தனர். மாவுச்சத்துக் கரைசல் பருகியபோது அதே வீரர்கள் நான்கு மணி நேரம் ஓட்டினர். தசையின் சேமிப்பு செலவாகும் வேகம் இரு நாளும் ஒன்றே. குருதியில் வந்த குளுக்கோசுதான் கடைசி ஒரு மணி நேரத்தை ஓட்டிற்று.

அண்மை ஆய்வாளர் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளனர். புத்துணர்வோடு இருக்கும்போது அளக்கும் வலிமை மட்டும் ஒரு வீரரின் தரத்தைச் சொல்லிவிடாது. மணிக்கணக்கில் உழைத்த பின்னும் அவ்வலிமையில் எவ்வளவு எஞ்சுகிறது என்பதைத் தனித் திறனாகவே கொள்ளவேண்டும் என்று 2021-இல் மாண்டர் குழுவினர் எழுதினர். அதே ஆண்டில் வான் எர்ப் குழுவினர் தொழில்முறை வீரர்களின் அளவீடுகளை ஒப்பிட்டபோது, வெற்றி மிகுந்தோர் களைத்த பின்னரும் ஆற்றலை மற்றவரைவிடக் கூடுதலாகத் தக்கவைத்தது தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக, நெடுந்தொலைவு ஓட்டும் பயிற்சியே இத்திறனுக்கு அடிப்படை என்பது பயிற்சியாளர் பலரின் கருத்து. இளைஞர்க்குச் சலிப்பூட்டுவதும் அதுவே.

நம் நிலப்பகுதியில் மற்றொரு பகை வெயில். உடல் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சேர்கிறது, எஞ்சியது வெப்பமாகிறது. 250 வாட் ஆற்றலோடு ஓட்டுபவர் உடலில் 750 முதல் 1,000 வாட் வெப்பம் பிறக்கிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓட்டுவதாக எண்ணிப் பாருங்கள்! 1997-இல் கேலவே, மான் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே உழைப்பை 11 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 94 நிமிடம் தாங்கியவர்கள் 31 பாகையில் 52 நிமிடமே தாங்கினர். நம் ஊர்க்கு 31 பாகை குளிர்ந்த நாளன்றோ! தலை சுற்றல், நடுக்கம், பேச்சுக் குழறல் தோன்றியபின்னும் "மனவுறுதி" என்று ஓட்டச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும். உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றிக் குளிர்வித்து, மருத்துவ உதவி தேடவேண்டும்.

ஓடும்போது நீர் அருந்தலாகாது என்னும் பழங்கருத்து இன்னும் சில திடல்களில் வழங்குகிறது. அது தவறு. வயிறு நிறைய வெறுநீரை மிகையாகக் குடிப்பதும் தவறே. குருதியில் உப்பின் செறிவு குறைந்துவிடும். புளியங்குடி எலுமிச்சைக்கு ஊக்கம் தரும் தனிவலிமை உண்டு என்று எழுத ஊர்ப்பற்று தூண்டுகிறது. ஆயினும் உழைப்பைத் தாங்குவது அதில் கலக்கும் சருக்கரையும், உப்பும், நீருமே. எலுமிச்சை செய்வது, மேலும் ஒரு மிடறு குடிக்கத் தூண்டுவது. ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் சருக்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பழத்தின் சாறு. கடைகளில் விலைமிக்க பொடி வாங்க இயலாத மாணவர் வருந்த வேண்டா.

தம் தாங்குதிறனை அறிய விரும்புவோர்க்குக் கருவி எதுவும் வேண்டா. போக்குவரத்துக் குறைந்த ஓர் ஏற்றச் சாலையைத் தேர்ந்து, காலை ஏழு மணிக்குப் புத்துணர்வோடு முழுவேகத்தில் ஏறி நேரத்தைக் குறிக்கவும். மறுவாரம் விளக்குடன் ஐந்து மணிக்கே புறப்பட்டு, இரண்டு மணி நேரம் சீராக ஓட்டியபின், அதே ஏழு மணிக்கு அதே ஏற்றத்தை ஏறவும். புளியரை வளைவு ஏற்றம் கண்ணைக் கவர்ந்தாலும் அங்கே கேரளம் செல்லும் சரக்குந்துகள் மிகுதி, அதனைத் தவிர்க்க. இரு நேரங்களின் வேறுபாட்டை ஏட்டில் எழுதிவைத்து, மூன்று திங்கள் நெடுந்தொலைவுப் பயிற்சிக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்கலாம். உடற்கல்வி ஆசிரியர் உடனிருப்பது நலம்.