தொலைவும் விரைவும்

கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. இத்துணை விரைவு இருந்தும், தொலைநாட்டு இணையப் பக்கங்கள் திரையில் தோன்றத் தாமதிப்பது ஏன்?

12,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கணினிக்கு வினா சென்று விடை மீள, நேர்வழியிலேயே 0.12 நொடி ஆகும். ஒருமுறை சென்று மீள்வதோடு வேலை முடிவதில்லை. தொடர்பு கொள்ளுதல், பாதுகாப்பு உடன்பாடு, பக்கத்தைக் கேட்டல் என மூன்று நான்கு முறை செய்தி அலைய நேர்கிறது. முதல் எழுத்துத் தோன்றுமுன்னரே ஏறக்குறைய அரை நொடி கழிந்துவிடும். பல்லாயிரவர் ஒருங்கே கேட்பின், அக்கணினியே திணறி நின்றுவிடும்.

ஒளியை விரைவுபடுத்த யாராலும் இயலாது. தொலைவைக் குறைக்க இயலும். பக்கத்தின் நகல்களைப் பல நகரங்களிலுள்ள கணினிகளில் வைத்து, கேட்போர்க்கு அண்மையிலுள்ள நகலை அளிக்கலாம். இவ்வமைப்பே உள்ளடக்க வழங்கல் வலையமைப்பு எனப்படும்.

வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, நெரிசல் வருமென முன்னுணர்ந்து, 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரிடம் இச்சிக்கலை எடுத்துரைத்தார். அங்குக் கணிதப் பேராசிரியராயிருந்த டாம் லெய்ட்டனும், அவர் மாணவர் டேனியல் லெவினும் இதில் ஈடுபட்டனர்.

நகல் எடுப்பது எளிது. எந்த நகல் எக்கணினியில் உள்ளது என அறிவதே அரிது. கணினிகள் பத்து எனக் கொள்வோம். பக்கத்தின் எண்ணைப் பத்தால் வகுத்து, மீதி காட்டும் கணினியில் அதனை வைக்கலாம். 57ஆம் பக்கம் 7ஆம் கணினிக்குச் செல்லும். ஒரு கணினி பழுதுற்றால் ஒன்பதால் வகுக்கவேண்டும். மீதி 3 ஆகிவிடும். இவ்வாறே ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் இடம் மாறிப் பெருங்குழப்பம் விளையும். லெவின் முதலியோர் 1997இல் வெளியிட்ட முறையோ வேறு. கணினிகளையும் பக்கங்களையும் ஒரு வட்டத்தின்மேல் கணக்கிட்டு நிறுத்துவர். ஒவ்வொரு பக்கமும் வலமாகச் சென்று முதலில் எதிர்ப்படும் கணினியைச் சேரும். ஒரு கணினி வீழ்ந்தால் அதன் பக்கங்கள் மட்டுமே அடுத்ததற்கு மாறும்; ஏனையவை அசையா. எத்துணை எளிய கருத்து! 

நகல் பழையதாகிவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் காலவரை குறிக்கப்படும். வங்கி இருப்புப் போன்ற, ஆளுக்காள் வேறுபடும் செய்திகளுக்கு இம்முறை அத்துணைப் பயன்படாது.

1998இல் ஆசிரியரும் மாணவரும் 'அகமை' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அறிவுக்கூர்மையைக் குறிக்கும் ஹவாய்ச் சொல் அது. 2001 செப்டம்பர் 11 அன்று, கடத்தப்பட்ட முதல் விமானத்தில் பயணம் செய்த லெவின் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 31. அன்று உலக மக்கள் செய்தித்தளங்களை ஒருங்கே நாடினர். தளங்கள் பல திணறின. அவருடைய நிறுவனத்தார், துயரினூடேயும் பணியிலிருந்து அகலாது, தம் கணினிகளின் நகல்கள் வழியே அச்செய்தியை மக்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தனர்.