லாடம் தேயும், குளம்பு வளரும்: சவாரிக் குதிரை வைத்திருப்போர் கவனத்துக்கு

மெரினாவில் சவாரிக் குதிரையைப் பார்த்தால் நாம் உடனே மொபைலை எடுத்து அதன் முகத்தைத்தான் படம் பிடிப்போம். காலைக் கவனிப்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரைக்காக அங்கே ஒரு குதிரைக்காரரிடம் பேசியபோது, "லாடம்னா வண்டிக்கு டயர் மாதிரிதானே அண்ணே?" என்று கேட்டேன். "டயர் தேயும், அவ்வளவுதான் தம்பி. இங்க லாடம் தேயுது, குளம்பு வளருது. ரெண்டையும் பாக்கணும்" என்றார். விஷயமே அதுதான்.

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றது. மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் அடித்த குளம்பு தரையில் தேயாது. அதனால் வளர்ச்சி அப்படியே நீளமாகச் சேர்ந்துகொண்டே போகும். முன்பக்கம் நீண்டுவிட்டால் காலின் பின்புறத் தசைநாண்களுக்கு இழுவை அதிகம். அதனால்தான் லாடம் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். "இன்னும் நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். லாடக் கூலி மிச்சம்தான். ஆனால் குதிரை நொண்டிப் படுத்துவிட்டால் அத்தனை நாள் சவாரி வருமானமும் போய்விடும்.

மாட்டுக்கு லாடம் அடிப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு. கயிறு கட்டிப் படுக்க வைத்துத்தான் அடிப்பார்கள். குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரே வளைவு லாடம், நின்றபடியே அடிப்பார்கள். குளம்பின் அடியைப் பார்த்தால் வெளிச்சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே சுவரில் மட்டும்தான் ஏற வேண்டும். அங்கே நரம்பு கிடையாது, வலிக்காது. கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிர்ச் சதை. சில சமயம் குத்தாமல் நெருக்கிக்கொண்டு மட்டும் போயிருக்கும். அன்றைக்குக் குதிரை ஒழுங்காக நடந்து, ஓரிரு நாள் கழித்து நொண்டும். எனவே லாடம் அடித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் நடையைப் பாருங்கள்.

நல்ல லாடக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? குளம்புக்கு ஏற்ற மாதிரி லாடத்தை வளைப்பவர் நல்லவர். இருக்கிற லாடத்துக்கு ஏற்ற மாதிரி குளம்பை அரத்தால் தேய்ப்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

தினமும் நீங்களே செய்ய வேண்டியது ஒரு வேலை. சவாரிக்கு முன்னும் பின்னும் நான்கு காலையும் தூக்கி, மணல், கல், சாணம் எல்லாவற்றையும் குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்பக்கம் நோக்கி வாரி எடுங்கள். அடியில் நடுவில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. ஈரமும் சாணமுமான லாயத்தில் இது சகஜம். குளம்பு வழக்கத்தைவிடச் சூடாக இருந்து, முன்கால்களை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் தாமதம் கூடாது. தானியம் அளவுக்கு மீறித் தின்ற குதிரைக்குக் குளம்பின் உள்ளே வரும் வீக்கம் அது. முற்றினால் குளம்புக்குள் இருக்கும் எலும்பே இடம் பெயரும்.

உள்ளங்காலில் ஆணி, கம்பி ஏறியிருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். முதலில் ஒரு போட்டோ எடுங்கள். குதிரையை நடக்க விடாதீர்கள். குதிரைக்கு இரணஜன்னி எளிதில் தொற்றும், உயிரையே எடுத்துவிடும். தடுப்பூசி போட்ட தேதியை மொபைலிலேயே குறித்து வையுங்கள். லாடம் அடிக்கும் தேதிக்கும் ஒரு ரிமைண்டர் போடலாமே!

சவாரி போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நொண்டும் குதிரையை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஏறுவதற்கு முன் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். வலிக்கிற முன்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும். அப்படித் தெரிந்தால் உரிமையாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் கவனிக்காமல் விட்டிருப்பார்.

உதவிக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம், அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பேசும்போது எந்தக் கால், எப்போதிலிருந்து நொண்டுகிறது, கடைசியாக லாடம் அடித்தது எப்போது, இரணஜன்னி ஊசி போட்டாயிற்றா என்ற நான்கையும் தயாராக வைத்திருங்கள்.