தக்கை இடுமுன்

நத்தார் நெருங்க, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இல்லங்கள் பலவற்றில் முந்திரிகை வற்றலும் சீனியும் சாடியில் ஊறத் தொடங்கிவிடும். அன்பு வாசகரே, ஊறவைக்கத் தெரிந்த அளவுக்கு அதைப் போத்தலில் அடைக்கவும் அறிந்திருக்கிறீர்களா?

நொதியம் சீனியை மதுவாக்கும்போது கரியமிலவாயுவும் பிறக்கிறது. நொதித்தல் முடியுமுன் தக்கையை இறுக்கினால் போத்தலே வெடித்துக் கண்ணைப் பறிக்கவும் கூடும். புது இரசத்துக்குப் பழந்தோற்பை ஆகாது என்ற உவமை (மத். 9:17) இந்த வாயுவின் வலிமையைக் கண்டிருந்த மக்களுக்கே சொல்லப்பட்டது.

ஆகவே இரசத்தைத் தெளியவிட்டு வடித்து, போத்தல் வாயில் சிறுவர் ஊதும் பலூனைக் கட்டுங்கள். அது உப்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒரு வாரமாகியும் உப்பாவிட்டால் அடைக்கலாம். ஆயினும் முதல் மாதம் போத்தல்களை மூடிய பெட்டியில் வையுங்கள். இனிப்பு மிகுந்திருந்தால் குளிர்ப்பெட்டியே உத்தமம்.

மூன்று நாள் நிமிர்த்தி வைத்தபின் போத்தலைக் கிடத்துங்கள். தக்கை ஈரமாயிருந்தால்தான் சுருங்காது. காற்றுப் புகுந்தால் வினாகிரிதான் மிஞ்சும். திருகுமூடிக்கு இத்தொல்லை இல்லை. தகரக் கூரையடியும் அடுப்பங்கரையும் வேண்டாம். கட்டிலின் கீழுள்ள இருட்டே மேல்.

இதைப் பூசைக்குத் தர விரும்புவோரும் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (924) முந்திரிகைக் கனியின் இயற்கையான, கெடாத இரசத்தையே கேட்கிறது. சீனி சேர்த்தது உங்கள் மேசைக்கே இருக்கட்டும்.