சுவரில் பதிந்த விரல்

அன்புள்ள தம்பிக்கு,

நெகிழ்வு, பலம், சமநிலை ஆகிய மூன்றையும் குறித்து முதியோர் தாமே விடையெழுதும் வினாத்தாள் ஒன்றை நீ தயாரித்திருப்பதையும், அவ்விடைகள் நேரில் எடுத்த அளவுகளோடு நன்றாக ஒத்துப்போவதாக நீ கண்டிருப்பதையும் படித்து மகிழ்ந்தேன். ஆயினும் ‘ஒத்துப்போகிறது’ என்ற அந்தச் சொல்லருகே என் மனம் சற்றே தயங்கி நின்றது.

பலத்தை அளக்கும் நாற்காலிப் பரிசோதனையை எடுத்துக்கொள். ரிக்லி, ஜோன்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1999-இல் வெளியிட்ட முறைப்படி, சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியில் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து அமர்ந்தவர், 30 விநாடிகளில் எத்தனை தடவை முழுமையாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுகிறோம். உன்னிடம் வந்த ஒவ்வொருவரும் உண்மையான எண்ணிக்கையோடு தவறாமல் மூன்றைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் உன் ஒட்டுறவுக் கெழு பூரணமாக 1 என்றே வரும். சொன்ன எண்களில் ஒன்றுகூட மெய்யாயிராது. ஒட்டுறவுக்கும் ஒத்துப்போவதற்கும் உள்ள இந்தப் பேதத்தைத்தான் புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் தெளிவுபடுத்தி, இரு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே வரைந்து பார்க்கும் மார்க்கத்தைக் காட்டினார்கள். அந்தப் படத்தை நீ வரைந்தாயா?

நெகிழ்வைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. குனிந்து பாதத்தைத் தொடுவது நாள்தோறும் செய்து பார்க்கும் காரியமாதலால், அதைப் பெரும்பாலோர் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். சமநிலைதான் ஏமாற்றும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், தடுமாற்றமின்றி நடப்பதாக எழுதிக்கொடுத்த ஓர் அம்மாள், எழுந்து வாசல்வரை சென்றபோது வழி நெடுகச் சுவரில் ஒரு விரலைப் பதித்தபடியே சென்றார். அவர் பொய் சொல்லவில்லை. பல வருஷப் பழக்கத்தில் அந்தச் சுவர் அவர் சரீரத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பிழை என் கேள்வியில் இருந்தது. ஆகவே, ‘தடுமாறுவீர்களா?’ என்று கேளாதே. எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடியுமா என்று கேள். பிறகு நிற்கச் சொல்லி, கை எட்டும் தூரத்தில் நீயும் நின்றுகொள்.

விடைகளைப் பரிசோதனைக்கு முன்பே வாங்கிவிடு. எண்ணிக்கை எடுப்பவர் அவற்றைப் பார்த்திருக்கலாகாது. இரண்டு வாரம் கழித்து அதே தாளை அவர்களிடமே மீண்டும் கொடு. தம் சக்தியை மிகுத்துச் சொன்னவர்களைச் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே எடுத்து வைத்துப் பார். விழக்கூடியவர்கள் அவர்களிடையேதான் இருப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

படத்தை வரைந்ததும் எனக்கு அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மூத்த சகா